பூவாத்தாள் திரும்பி வந்தாள்

சூலூர்ப் பக்கத்துப் பூவாத்தாள் ஓர் அதட்டல் போட்டால், கிணற்றில் கவலை இறைக்கிற மாடு, தோல் சால் நிறையும் முன்பே சரிவில் இறங்கி இழுக்கத் தொடங்கிவிடும் என்பார்கள். பார்த்தவர் யாருமில்லை, சந்தேகப்பட்டவரும் இல்லை. அப்பேர்ப்பட்டவள், வலது மார்பில் புளியங்கொட்டை அளவாக வந்த கட்டியைப் பற்றி, அது எலுமிச்சை அளவாகும்வரை ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை.

தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுந்தரராஜுலு குளோரோபாரம் கொடுத்து மார்பை எடுத்தார். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் வைத்தார். மதராசில் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, புற்றுநோய் நெறிவரைக்கும் பரவியதா என்று சொல்வார்கள். பரவியிருந்தால் ரேடியம் வைத்தியத்துக்கு அங்கே போயாக வேண்டும்.

மறுநாள் ஜாடியைக் காணோம். பூவாத்தாள் படுத்தபடியே புருஷன் நஞ்சுண்டனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்கதானே?”

“ஆமா அம்மணி. உப்பு, மஞ்சள் போட்டு நம்ம காட்டுல பொதச்சுப்போட்டேன். ஒடம்பு முழுசா மண்ணுக்குப் போகோணுமல்ல? நாளைக்கு உன்னையும் பக்கத்துலயே...”

“அடேங்கப்பா! எனக்கு எடம் புடிச்சு வெச்சுட்டு வந்தீங்களாக்கும்!”

சிரித்தாள். தையல் இழுத்தது. அழுதாள்.

நஞ்சுண்டன் ஓடிப்போய்த் தோண்டி எடுத்து வந்தார். டாக்டர் துணியைப் பிரித்ததும் மூடிவிட்டார். “அழுகிப்போச்சம்மா. இனி இதுல ஒண்ணும் தெரியாது.”

“இப்படி அறுத்துக்கிட்டவங்க பொழச்சாங்களா, அதையாவது சொல்லுங்க.”

“ஊட்டுக்குப் போன யாரும் திரும்பி வந்து காட்டினதில்லை. வந்திருந்தா உனக்குச் சொல்ல எங்கிட்ட ஏதாச்சும் இருக்கும்.”

“அப்ப நான் வாரேனுங்க.”

நிச்சயம் தெரியாமல் மதராசுக்குப் போக வீட்டில் ஒப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் வண்டி கட்டி வந்துவிடுவாள். நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து, “பாத்துக்குங்க, இன்னும் சாகலே” என்பாள்.

இரண்டாம் வருஷம் சோளம் அறுத்த கையோடு வந்தாள். ஒரே இருமல். அந்தப் பேச்சைக் காணோம். டாக்டரின் விரலைப் பிடித்துத் தன் கழுத்தெலும்புக்கு மேலே வைத்தாள்.

“இங்கீங்க.”

டாக்டரின் விரலுக்குக் கல்லாட்டம் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

“போன மாசம் வந்துது, எழுதிக்குங்க. வெளியில அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டறாரு. அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. தான் பொதச்சதாலதான்னு உசுரை உட்டுப்போடுவாரு.”