வெள்ளைக்கார டாக்டருக்கு ஒரு புதுப் புத்தகம்

ஜூலை பிறந்தால் நர்ஸ் நியாஹராவாவுக்கு எரிச்சலும் கூடவே பிறந்துவிடும். லுசெங்கா மிஷன் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக அவர்தான் நர்ஸ், மருத்துவச்சி, மருந்து கொடுப்பவர், கூரை ஒழுகினால் வாளி வைப்பவரும் அவரே. படிக்க வைத்த சபைக்கு நன்றியாக ஒரு வருடம் ஊழியம் செய்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். அப்புறம் போகவே முடியவில்லை. கணவர் தெற்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். சுற்றுவட்டாரத்தில் ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதிக்குமேல் நியாஹராவாவின் கையில் விழுந்ததுதான். இருந்தும் என்ன, உள்ளூர் மாடு விலை போகாது.

ஜூலையில் இரண்டு வாரம் கடல் தாண்டி டாக்டர்கள் வருவார்கள். சம்பளம் கிடையாது, சொந்தக் காசில் டிக்கெட், எல்லாம் கர்த்தருக்காக. அவர்கள்மேல் நியாஹராவாவுக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் தன் ஜனங்கள்மேல்தான். மே மாதத்து இருமலையும் ஜூன் மாதத்துக் கட்டியையும் பொத்திப் பொத்தி ஜூலைக்கு வைத்திருப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் புத்தக விஷயத்தைத்தான் அவரால் பொறுக்கவே முடியவில்லை.

அந்த ஊரில் நோயாளியின் கதை கிளினிக்கில் இருக்காது. அவரவர் வைத்திருக்கும் மருத்துவப் புத்தகத்தில்தான் இருக்கும். எந்த நோய், எந்த மருந்து, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில்தான். ஜூலை வந்ததும் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பழையதைக் காட்டினால், "சிஸ்டர் கொடுத்ததையே சாப்பிடுங்கள்" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவாராம்!

இந்த முறை மூன்று வாரம் முன்பே நியாஹராவா போதகர் முந்தாலியிடம் போனார். "பழைய புத்தகம் இல்லாம யாருக்கும் டோக்கன் குடுக்க வேணாம் பாஸ்டர்."

"இருபது மைல் நடந்து வர்றவங்கள எப்படிம்மா திருப்பி அனுப்புறது? வந்த விருந்தாளிங்க நம்மள என்ன நினைப்பாங்க?"

விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்பதிலேயே போதகருக்குக் காலம் போய்விடும். நோயாளி செத்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்க நியாஹராவாவுக்கு வாய் வரை வந்தது.

டாக்டர் ஃபின்ட்லே வந்தார். அறுபது வயது, தங்கமான மனிதர். ஒவ்வொரு நோயாளியின் கையையும் பிடித்து ஜெபித்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார். போதகர் மொழிபெயர்ப்பார். ஊசி போடுவது நியாஹராவா.

மூன்றாம் நாள் காலை எஸ்நாத் என்ற உள்ளூர்க்காரி மார்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க வந்து ஊசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் மடிப்புக் கலையாத புத்தகம். அதில் பென்சிலின் ஊசி எழுதியிருந்தது.

"எஸ்நாத், உன் பழைய புத்தகம் எங்க?"

"இதான் சிஸ்டர் என் புத்தகம்."

"நாலு வருஷம் முந்தி, இதே ஊசி போட்டு முகம் வீங்கி மூச்சு நின்னு போச்சே. இனிமே போடவே கூடாதுன்னு பெருசா எழுதிக் குடுத்தேனே!"

"அது நானில்ல. என் தங்கச்சி."

"உனக்கு ஏதுடி தங்கச்சி? உனக்கப்புறம் உங்கம்மாவுக்கு ஒரே பிரசவம், அதப் பாத்ததே நான்தான். அது பையன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எஸ்நாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "வருஷம் பூரா உங்க மாத்திரையத்தான முழுங்குறோம்? இந்த ஒரு ஊசி டாக்டர் ஊசியா இருக்கட்டுமே. உங்களுக்கு என்ன பொறாமை?"

நியாஹராவா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொன்னார். அவர் எஸ்நாத்தை வரவழைத்துக் கேட்டார். இந்த ஊசியை வாழ்நாளில் போட்டதே இல்லை என்று அவள் ஆண்டவர்மேல் ஆணையிட்டாள்.

"சிஸ்டருக்கு வேலை ஜாஸ்தி டாக்டர், ஆள் மாறியிருக்கும்" என்றார் போதகர். பிறகு தங்கள் மொழியில், குரலைத் தாழ்த்தி, "சபை மானத்த வாங்காதம்மா."

"புத்தகத்துல ஒண்ணும் இல்ல, அவங்களும் இல்லைங்கறாங்க" என்றார் டாக்டர். "மூச்சு வேற இரைக்குது. நான் எதை நம்புறது சிஸ்டர்?"

"என்னை நம்புங்க."

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். "உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். நானே போடறேன்."

பத்தொன்பது வருடத்தை ஒரு நாள் வயதான அந்தப் புத்தகம் தோற்கடித்துவிட்டது. அழவோ கத்தவோ நேரமில்லை. நியாஹராவா அலமாரியைத் திறந்து, ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு பெஞ்சருகே வந்து நின்றார்.

டாக்டர் பென்சிலின் போட்டு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. எஸ்நாத்தின் உதடு தடித்தது, கண் இடுங்கியது, தொண்டையில் விசில் சத்தம் கேட்டது. டாக்டர் திரும்புவதற்குள் அவள் தொடையில் ஊசி இறங்கியிருந்தது. போதகர் உரத்த குரலில் ஜெபிக்க ஆரம்பித்தார்.

"ஜெபத்த அப்புறம் வச்சுக்கலாம் பாஸ்டர், அவ காலத் தூக்கிப் பிடிங்க!"

இரண்டாவது ஊசிக்கு அப்புறம்தான் மூச்சு சீரானது. டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லார் முன்னாலும் நியாஹராவாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடது. இவங்க பேச்ச நான் கேட்டிருக்கணும். காப்பாத்தினதும் இவங்கதான். எல்லாருக்கும் சொல்லுங்க பாஸ்டர்."

போதகர் கூட்டத்தின் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்: "தேவனுக்கே மகிமைன்னு டாக்டர் சொல்றாரு!" கூட்டம் ஆமென் போட்டது.

டாக்டர் உட்கார்ந்து அந்தப் புதுப் புத்தகத்தில் எச்சரிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நியாஹராவா வெப்பமானியோடு வார்டுக்குப் போனபோது எஸ்நாத் மக்காச்சோளக் கஞ்சி குடித்துக்கொண்டு, பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷமா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு இந்த ஊசி ஆகாதுன்னு டாக்டர் வந்த மூணாம் நாளே கண்டுபிடிச்சுட்டாரு!"

நியாஹராவாவுக்கு நெஞ்சு எரிந்தது. சொல்ல ஆயிரம் இருந்தது. அவளோ நான்கு பிள்ளைகளின் தாய், நாளைக்கும் உயிரோடு இருக்கவேண்டியவள். வெப்பமானியை உதறி அவள் அக்குளில் வைத்தார்.

"ஆமாடி, பெரிய டாக்டர். அந்தப் புத்தகத்த மட்டும் தொலைச்சுடாத."

எஸ்நாத் அதைக் கவனமாகத் துணியில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்தாள்.

"இதப் போயித் தொலைப்பேனா சிஸ்டர்? இது என்ன, நீங்க எழுதிக் குடுத்ததா?"