ஒன்றும் பூச்சியமும்

நீலமோ கெம்போ, மாணிக்கக்கல் எங்கே கிடைக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. கண்டியில் ஓர் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். பாறை என்ன வகை, பழைய ஆறு ஓடியதா, சரிவு எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரப்புவோம். கல் கிடைத்த இடத்துக்கு ஒன்று, தோண்டியும் கிடைக்காத இடத்துக்குப் பூச்சியம். இரண்டையும் ஒப்பிட்டு, யாரும் தோண்டாத கட்டங்களில் வாய்ப்பு எவ்வளவு என்று கணினி சொல்லும். வாய்ப்பு அதிகமென்றால் வரைபடத்தில் சிவப்பு. இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை.

என் தம்பிக்கு இது மட்டும் விளங்கவே இல்லை. அவன் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். மஹய்யாவையில் எல்லோரும் ஒரே வீடு என்பதால், என் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"சிவப்புன்னா கல்லு இருக்குன்னு அர்த்தமில்லடா. இருக்கலாம், அவ்வளவுதான்."

"அது போதும்க்கா."

மாத்தளைக்கு அப்பால் ஒரு சிவப்புக் கட்டத்தில், நாலைந்து பேரோடு பங்குக்கு மாணிக்கக் குழி தோண்டப் போய்விட்டான்.

அவன் மனைவி சண்டை போடவில்லை. பாஸ்போட் எடுத்தாள். மழைக்கு முன் கல் வராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவு. கைக்குழந்தை என்னிடம் இருக்கும். பிள்ளைக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். நகக்கண்ணெல்லாம் சேறு. பக்கத்து ஊர்க் குழிக்காரர்கள் பெரிய நீலக்கல் எடுத்துவிட்டு மூச்சுக் காட்டவில்லை என்று சோறு பிசைந்தபடி சொன்னான்.

"கல்லு வந்தவன் எவனாவது சொல்வானாக்கா? ஊரே வந்து பக்கத்துல தோண்டும். வித்து முடியிற வரைக்கும் பொண்டாட்டி கேட்டாலும் ஒன்னுமில்லன்னுதான் சொல்லணும். அங்க அதுதான் வழக்கம். ஒங்க ஆளுங்க கேட்டு வந்தப்பவும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாங்களாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எங்கள் குழுவின் ஆட்கள் அந்தப் பதிலைத்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதைத்தான் நான் பூச்சியம் பூச்சியமாகக் கணினிக்கு ஊட்டினேன். கல் உள்ள நிலத்தின் குணங்களையெல்லாம் கல் இல்லாத நிலத்தின் குணங்கள் என்று அது படித்து வைத்திருக்கிறது. அப்படியானால் அந்தச் சிவப்பை எதற்கு நம்புவது?

"படம் பிழைடா. விட்டுட்டு வந்துரு."

"இவ்வளவு தோண்டியாச்சு. சும்மா இரு அக்கா."

மழை முந்திக்கொண்டது. அவன் மனைவி புறப்படுவதற்கு முதல் நாள், கட்டுகஸ்தோட்டையிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாலத்துக்குக் கீழே மகாவலி செம்மண்ணாகப் போனது. அப்போதுதான் தம்பியின் அழைப்பு வந்தது.

"கல்லு வந்துருச்சுக்கா. அவள போக வேணாம்னு சொல்லு."

"என்ன கல்லு?"



"நீலம்" என்றான். "பெருசு. எல்லார்கிட்டயும் சொல்லு."

பஸ்ஸில் ஆள் இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

வீட்டில் அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அதன் பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அவுங்க பேசுனாங்களா அண்ணி? கல்லு வந்துச்சாமா?"

உண்மையில் கல் வந்திருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பான்.

"ஒன்னுமில்லையாம்" என்றேன்.

அவள் பிள்ளையின் வாயிலிருந்து பட்டியை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.