நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான்கு வரி

பெரம்பலூர் தனி மாவட்டமான வருடம் வெற்றிச்செல்வி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தட்டச்சுக் கடை வைத்தாள். புது மாவட்டத்துக்கு அலுவலகங்கள் முழுதாக அமைவதற்குள் அவளுக்கு மனுக்கள் வந்து குவிந்துவிட்டன. எந்த மனுவையும் பிழையில்லாமல் அடித்துத் தருவாள். கொடுத்தவர் வெட்கப்பட வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு முறை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே சிலர் மனுவில் பாதியைக் கோடு போட்டு நீக்கிவிட்டுத் தருவார்கள்.

1998 ஜூலையில் போதகர் பாலசுந்தரம் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். சீர்திருத்தச் சபைகளும் சமுதாய மாற்றமும் என்பது பொருள். வேப்பந்தட்டைப் பக்கம் அவர் ஊழியம் செய்த சபைதான் ஆய்வுக் களம். வெற்றிச்செல்வியும் அதே சபைதான். களத்தையே கூப்பிட்டுத் தட்டச்சு செய்யச் சொன்ன முதல் ஆய்வாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

நூற்றுப் பதினொரு பக்கம் சுமுகமாகப் போயிற்று. அடுத்த பக்கத்தில் போதகர் இப்படி எழுதியிருந்தார்: ‘இச்சபையில் எல்லாத் தெருவினரும் முன்பின் இன்றித் திருவிருந்துக்கு ஒன்றாக வருவதைக் கள ஆய்வில் கண்டோம்.’

உண்மையில், அப்பமும் திராட்சரசமும் வாங்க மேலத் தெரு முதல் பந்தியில் முழங்காலிடும், வாடகை வீட்டுக்காரர்கள் இரண்டாம் பந்தியில். கீழத் தெரு மூன்றாம் பந்தி. ஞானஸ்நானம் எடுத்த நாள் முதல் வெற்றிச்செல்வி குடும்பத்துக்கு மூன்றாம் பந்திதான்.

தாளை வாங்க வந்த போதகர் திகைத்தார். “என்னம்மா, நாலு வரி வெறுமையா கெடக்கு? ரிப்பன் தீந்துபோச்சா?”

“ரிப்பன் இருக்குங்கய்யா. நடக்காதத அடிச்சுப் பழக்கமில்ல.”

“ஆராய்ச்சின்னா ஒரு லட்சியம் வேணும்மா.”

“லட்சியம்னா லட்சியம்னு எழுதுங்க. நீங்க கண்டோம்னு எழுதியிருக்கீங்க. நான் மூணாம் பந்தியில மண்டி போட்டிருந்தேனே, என்னையக் காணலையா?”

“வேற எடத்துல அடிச்சுக்குறேன்.”

“தாராளமா. இந்த மெஷின்ல ‘ழ’ கொஞ்சம் ஒசந்து நிக்கும். நூத்திப் பதினோரு பக்கமும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் ஒழுங்கா இருந்தா ஒங்க நெறியாளரு ஏன்னு கேப்பாரு. இல்லன்னா இந்தாங்க பேனா, ஒங்க கையாலயே எழுதிக்குங்க.”

போதகர் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார், மூடினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒங்கம்மா சபைப் பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறாங்க. ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

“இருக்கு. பெருக்குறாங்க. கோயிலையும் அவங்கதான் பெருக்குறாங்க. சமத்துவ இயல்ல அதையும் அடிக்குறிப்பா போடுங்க.” சொல்லிவிட்டு அடுத்த தாளைச் சுருட்டி ஏற்றினாள். “ஞாயித்துக்கெழம திருவிருந்து. முன்பின் இல்லாம நடத்திக் காட்டுங்க. திங்கக்கெழம காலையில அடிச்சுத் தரேன்.”

புதன்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். பட்டத்துக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். போதகர் பாலசுந்தரம் தமது சபையில் சுவிசேஷத்தைச் செயல்படுத்தத் துணிந்தார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி பலிபீடத்தின் முன் நின்று, “இன்னைக்கு வரிசை கெடையாது. யாரும் வரலாம்” என்றார். ஒருவரும் அசையவில்லை. முன் இருக்கையில் மேலத் தெரு மூப்பர் ஈசாக்கு கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெற்றிச்செல்வி தாயின் முழங்கையை இடித்தாள்.

“எந்திரிம்மா.”

“வெக்கமா இருக்குடி” என்றார் ரத்தினம்மாள்.

“வெளக்கமாத்தோட போறப்ப நீதான மொத ஆளு? இப்ப வெறுங்கையோட போ.”

ரத்தினம்மாள் எழுந்தார். நடுப்பாதை முழுக்க நடந்து முதல் பந்தியின் நடுவில் முழங்காலிட்டார். மூப்பருக்குச் சங்கடம். முப்பது வருடத்தில் ஒரு திருவிருந்தும் தவறியதில்லை. தவறினால் பதிவேட்டில் பெயருக்கு நேரே வெற்றிடம் விழும். போனார். ஒரு ஆள் இடைவெளி விட்டு முழங்காலிட்டார். அந்த இடைவெளியில் வெற்றிச்செல்வி போய் முழங்காலிட்டாள்.

திங்களன்று நான்கு வரியும் நிரம்பின. ஆனால் தேதியோடு. ‘2.8.1998 அன்று பள்ளி ஊழியர் ரத்தினம்மாள் முதலில் வர, ஏனையோர் தொடர்ந்தனர்.’

“வழக்கமா வருகின்றனர்னு போடும்மா!”

“ஒருதடவ நடந்தா வழக்கமாங்கய்யா?”

மாதங்கள் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் பாராட்டியது அந்த ஒரு வாக்கியத்தைத்தானாம். நாள், பெயர், நிகழ்வு எல்லாம் துல்லியம் என்றார்களாம். டாக்டர் பாலசுந்தரம் அரியலூருக்கு மாற்றலாகிப் போனார். ரத்தினம்மாளை வேலையிலிருந்து நீக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. மேற்கோள் காட்டப்பட்டவரை நீக்குவது சிரமம்.

கடைசிக் கார்பன் நகல் மங்கலாக விழுந்ததென்று போதகர் விட்டுப்போயிருந்தார். வெற்றிச்செல்வி அதைத் தாயிடம் கொடுத்தாள்.

ஆய்வேட்டை ஒப்படைத்த அடுத்த மாதத் திருவிருந்திலேயே பழைய வரிசை திரும்பிற்று. மேலத் தெரு எழுந்தபோது ரத்தினம்மாளும் எழுந்தார். மூப்பர் வழிமறித்தார். “அன்னைக்கு நம்ம போதகர் ஐயரோட ஆராய்ச்சிக்காகத்தான ரத்தினம்? அது முடிஞ்சுபோச்சு.”

எழுதப் படிக்கத் தெரியாத ரத்தினம்மாள் பையிலிருந்து நகலை எடுத்தார். அடையாளத்துக்கு மடித்திருந்த பக்கத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஐயருக்குத்தாங்க முடிஞ்சுது. இதுல எம்பேரு இருக்கு, படிச்சுப் பாருங்க. நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டு வந்துடுறேன்.”