இடிபட்ட வண்டி எது, விற்கிற வண்டி எது?

என் தங்கையின் கணவரை லாரி ஓட்டுநர்கள் "டன்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஐம்பத்தெட்டு கிலோ. கல்குவாரிச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் இருக்கும் எடைமேடையில் முப்பத்தொரு வருடமாக வேலை பார்க்கிறார். லாரி காலியாக ஒரு முறை மேடை ஏறும், சரக்கோடு ஒரு முறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இவர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். சீட்டில் இவர் கையெழுத்து இருந்தால் வாங்குகிறவரும் விற்கிறவரும் மறுபேச்சு பேசுவதில்லை.

இவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மேடையில் வண்டி நிற்கும்போது ஓட்டுநர் உள்ளே இருக்கக் கூடாது. மழையானாலும் வெயிலானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒருவர் கடுப்பாகி, "ஏண்ணே, நான் என்ன யானையா?" என்று கேட்டார்.

"யானையா இருந்தா சொல்லிட்டு ஏறும். மனுஷன்தான் கணக்குல வராம உக்காந்துக்குவான். இறங்கு."

வீட்டிலும் இதே கதைதான். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் மற்றவர்கள் பெயர் கேட்பார்கள், யார் சாயல் என்பார்கள். இவர் கையில் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்து, "மூணு இருநூறு" என்பார். தன் மகள் பிறந்தபோதும் இவர் சொன்ன முதல் வார்த்தை "ரெண்டு தொள்ளாயிரம்"தான். அந்த வார்த்தையை என் தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த மகள் இப்போது மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு மூன்றரை வயதில் ஒரு பெண்ணும், பத்து மாதத்தில் ஒரு பையனும் இருக்கிறார்கள். கணவர் கப்பலில் வேலை செய்கிறார்; வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான். பிரசவ விடுப்பு முடிந்து ஒன்றாம் தேதி அவள் வேலையில் சேர வேண்டும். காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். அதன் பிறகு குழந்தைகளைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். காப்பகம் ஆறு கிலோமீட்டர் தள்ளி, அந்த லாரிச் சாலையிலேயே இருக்கிறது.

"நான் விடறேம்மா" என்றார் டன்.

"எதுல? உங்க பழைய கார்லயா? அதோட பின் சீட்டு பெல்ட்ட எலி தின்னு வருஷம் ஆச்சுப்பா."

"புதுசு வாங்குறேன்."

"அப்ப கிராஷ் டெஸ்ட்ல அஞ்சு நட்சத்திரம் வாங்கின வண்டியா பாத்து வாங்குங்க. இல்லேன்னா நான் அத்தை வீட்டுக்கே மாத்தல் கேட்டுப் போயிடறேன். காப்பகம் அவங்க வாசல்லயே இருக்கு."

அத்தை வீடு, அதாவது அவள் மாமியார் வீடு, ரயிலில் ஒன்பது மணி நேரம். டன் அன்று இரண்டாவது தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அது ஏழாம் தேதி. இருபத்துநான்கு நாள் மிச்சம்.

என்ன வண்டி என்பதில் குழப்பம் இல்லை. இரண்டு குழந்தை இருக்கைகளும் நடுவில் என் தங்கையும் உட்கார அகலம் வேண்டும். தங்கையின் முழங்கால் மடங்க மறுப்பதால் உயரமும் வேண்டும். ஆகவே எஸ்.யூ.வி. காப்பகத்துக்குப் போய் வரும் பன்னிரண்டு கிலோமீட்டரை எடைமேடையில் சார்ஜ் போட்டே ஓட்டிவிடலாம், தூரப் பயணத்துக்குப் பெட்ரோல் இருக்கும். ஆகவே பிளக்-இன் ஹைபிரிட். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

மூன்றாம் நாள் எனக்குத் தொலைபேசியில் கூவினார். "மச்சான், ஆம்புட்டுருச்சு! அஞ்சுக்கு நாலு புள்ளி எட்டு நட்சத்திரம்! ரெண்டாயிரம் பேர் போட்டிருக்காங்க!"

அவர் அனுப்பிய இணையப் பக்கத்தை நான் முழுதாகப் படித்துப் பார்த்தேன். "மாப்பிள்ளை, இது வண்டிய இடிச்சுப் பாத்தவங்க போட்ட நட்சத்திரம் இல்ல. உள்ள உக்காந்து பாட்டுக் கேட்டவங்க போட்டது. சீட்டு நிறம் நல்லா இருக்குன்னு ஒருத்தர் அஞ்சு குடுத்திருக்கார்."

"நிறத்துக்கு எடை கிடையாதே" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்து ஷோரூமுக்குப் போனார். பெயருக்குக்கூடத் தூசி இல்லாத தரையில் நீல நிற வண்டி ஒன்று நின்றது. முன் கண்ணாடியில் ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்தது. விற்பனையாளர் நல்ல பையன், கழுத்தில் டையோடு வேர்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குப் பேப்பர் இருக்கா தம்பி?" என்று இவர் கேட்டார். ஒட்டிய நட்சத்திரத்துக்கு அதுவரை யாரும் பேப்பர் கேட்டதில்லையாம். தேடி எடுத்து, பதினோரு பக்க அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை எடைமேடையின் தகரக் கூண்டிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது.

"மச்சான், பெரியவங்களுக்குத் தொண்ணூத்தி ரெண்டு சதவீதம்னு போட்டிருக்கான். குழந்தைங்களுக்கு எண்பத்தேழு சதவீதம்தான். அப்ப மிச்சம் பதிமூணு பிள்ளைங்க?"

உடனே புறப்பட்டுப் போனேன். அறிக்கையை மேசையில் விரித்து, இருவரும் வரி வரியாகப் படித்தோம். சோதனைக்கு நான்கு பிரிவுகள். உள்ளே இருக்கும் பெரியவர்கள், குழந்தைகள், சாலையில் நடப்பவர்கள், ஓட்டுகிறவருக்கு உதவும் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். மூன்றில் முதல் வகுப்பு வாங்கி ஒன்றில் சறுக்கினாலும் நட்சத்திரம் குறைந்துவிடும். எண்பத்தேழு என்பது பிழைத்தவர்களின் எண்ணிக்கை அல்ல, பரீட்சை மதிப்பெண். பொம்மைகளை உட்கார வைத்து மோதுகிறார்கள். குழந்தை இருக்கைகள் சரியாகப் பொருந்துகின்றனவா, மாட்டும் கொக்கி கைக்கு எட்டுகிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள்.

"அப்ப எதுல கோட்டை விட்டுச்சு?"

"மூணாவது வரிசையில குழந்தை சீட்டு மாட்ட எடம் பத்தலயாம்."

"நமக்கு மூணாவது வரிசையே வேண்டாமே!" என்றார். முகத்தில் ரத்தம் திரும்பியது. என்னைத் தேநீர் குடிக்கச் சொல்லி, தானும் குடித்தார்.

நான் கிளம்பி வாசல் தாண்டும் முன் பின்னாலிருந்து, "மச்சான், நில்லுங்க" என்று சத்தம் கேட்டது. ஆறாம் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டிருந்தார். சோதித்த வண்டியின் எடை ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ. மறு கையில் ஷோரூம் கொடுத்த விளம்பரத் தாள். அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

"முன்னூத்தி இருபத்தாறு கிலோ எங்கேருந்து வந்துச்சு?"

கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு அட்டவணை இருந்தது. இந்த நட்சத்திரம் எந்தெந்த வகைக்குப் பொருந்தும் என்ற பட்டியல். பெட்ரோல், டிக். டீசல், டிக். பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு நேரே கட்டம் காலி. சோதனை நடந்தும் ஆறு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு அந்தப் பரீட்சையின் பாடத்திட்டமே இரண்டு முறை கடினமாகிவிட்டது.

மறுநாள் ஓட்டிப் பார்க்க வண்டி கேட்டார். விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூன்றாவது சிக்னலில் இடது பக்கம் திரும்பச் சொன்னால், இவர் நேராக விட்டு எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இறங்குங்க தம்பி."

"என்ன சார் இது?"

"இறங்குங்க. நானும் இறங்குறேன்."

லாரிகளுக்கு நடுவே புத்தம் புது நீல வண்டி மட்டும் மேடையில் நின்றது. திரையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும்.

"தம்பி, நீங்க இடிச்ச வண்டி எது?"

"நாங்க எதையும் இடிக்கல சார்!"

"சரி, அவங்க இடிச்சது?"

"இதே மாடல்தான் சார்."

"இதே பேரு. இடிபட்டது ஒண்ணு, விக்கிறது ஒண்ணு. நடுவுல நாலரை ஆள் கனத்துக்கு என்னமோ ஏறி உக்காந்திருக்கு."

"அது பேட்டரி சார். கனமான வண்டின்னா பாதுகாப்புதானே?"

"உள்ள இருக்கறவனுக்கா, எதிர்ல நடந்து வர்றவனுக்கா? அதுக்கும் மார்க் உண்டு, மூணாம் பக்கம் பாருங்க. கனம் கூடினா மோதும்போது முன்பக்கம் தாங்க வேண்டியதும் கூடும். தாங்கும்னு எழுதித் தர முடியுமா?"

விற்பனையாளர் கூண்டுக்குள் உட்கார்ந்து நான்கு பேருக்குப் போன் போட்டுப் பேசினார். கடைசியில் உண்மையைச் சொன்னார். "இந்த வகைய இன்னும் சோதிக்கல சார். அதுக்காக மோசம்னு அர்த்தம் இல்ல."

"நானும் மோசம்னு சொல்லல தம்பி. தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததுல என் பேரப்பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்."

அந்தப் பையன் டையைத் தளர்த்திக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். "இன்னொரு வண்டி இருக்கு சார். போன வருஷம் சோதிச்சது, பிளக்-இன்னாவே சோதிச்சது. ஆனா நாலு ஸ்டார். நாலுன்னா யாரும் பக்கத்துல வரமாட்டாங்க, அதான் பின்னால நிறுத்தியிருக்கோம்."

சாம்பல் நிற வண்டி. பார்க்கக் கொஞ்சம் அசடு வழியும். அறிக்கையில் குழந்தைகளுக்கு எண்பத்தொன்பது. மோதியதும் பேட்டரியின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டதையும் பார்த்து எழுதியிருந்தார்கள். சோதித்த எடை ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு. மேடையில் ஏற்றினால் ஆயிரத்து எண்ணூற்று எண்பது. டன் அந்த எண்ணைப் பார்த்த பார்வை, தன் மகளை முதலில் பார்த்தபோதுகூட இல்லை என்று என் தங்கை சொல்வாள்.

ஆனால் மகள் கேட்டது ஐந்து. ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள். மூன்று நாள் இவர் வாயே திறக்கவில்லை.

"நாப்பது டன் லாரிய மேடை ஏத்துறீங்க" என்றாள் என் தங்கை. "பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்த ஏற மாட்டேங்குதே!"

"மச்சானும் கூட வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு மூவரும் போனோம். இவர் இரண்டு அறிக்கைகளையும் மேசையில் வைத்துவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அஞ்சுன்னு சொன்னேன்லப்பா?"

"அந்த அஞ்சு வேற வண்டிக்குப் போட்டதும்மா. மச்சான், சொல்லுங்களேன்."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நாள் முழுக்க அறிக்கை பார்ப்பவள். கடைசிப் பக்கத்தின் காலிக் கட்டத்துக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டாள்.

"இது வேற ஆளோட ரத்தம்" என்றாள். "எங்க லேப்ல ஒருத்தர் ரிசல்ட்ட இன்னொருத்தர் பேர்ல ஒட்டிக் குடுத்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." நீல வண்டியின் தாளைத் திருப்பி வைத்தாள். "சரி, இந்த நாலு? ஒண்ணு எதுல போச்சு?"

"ஓட்டுறவன் கவனம் தப்பினா மணி அடிச்சு எச்சரிக்கணுமாம். இது கொஞ்சம் லேட்டா அடிக்குது. அதுல போச்சு."

"ஓட்டப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப அந்த ஒரு நட்சத்திரம் உங்க கையில இருக்கு. நாளைக்கு ஓட்டிக் காட்டுங்க, பாத்துரலாம்."

மறுநாள் ஷோரூமிலிருந்து அந்த வண்டியை வரவழைத்து, இரண்டு குழந்தை இருக்கைகளையும் மாட்டி, நடுவில் தானே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் முன் இருக்கையில். குழந்தைகளை என் தங்கையிடம் விட்டிருந்தோம். டன் காப்பகம் வரை ஓட்டினார். நிதானமான கை. ஆனால் குவாரி லாரி ஒன்று எதிரே வந்ததும் அவர் தலை தானாக அதன் பக்கம் திரும்பியது.

"பத்தொன்பதுக்குக் குறையாது" என்றார்.

அடுத்த லாரி. "இவன் ஓவர்லோடு. பின் டயரைப் பாருங்க மச்சான்."

ஐந்தாவது லாரியின் ஓட்டுநர், "டன் அண்ணே!" என்று கையசைத்தார். இவரும் திரும்பி முழுசாகக் கையசைத்தார். ஏழாவதுக்குத்தான் வண்டி மணி அடித்தது.

காப்பக வாசலில் நிறுத்தியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏழு தடவ பாத்தீங்கப்பா. வண்டி ஒரு தடவதான் சொல்லுச்சு."

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழக்கம்மா."

"எனக்கு நட்சத்திரம் வேண்டாம். இந்தப் பழக்கம் போகணும். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ வருவேன். ஒரே ஒரு லாரிய எடை போட்டீங்கன்னாலும் நான் ரயிலுக்கு டிக்கெட் போட்டுருவேன்."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வேலை முடிந்ததும் பழைய காரில் அந்த ஆறு கிலோமீட்டரைப் போய் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ண என்னைக் கூட்டிப் போனார். செவ்வாய் ஐந்து. புதன் இரண்டு, அதில் ஒன்று டிராக்டர் என்று வாதாடினார். வியாழன் ஒன்றுமில்லை, ஆனால் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மகளோடு போனபோது பதினோரு லாரிகள் எதிரே வந்தன. ஒன்று தார்ப்பாய்கூடப் போடாமல், வழிய வழியக் கல்லை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போயிற்று. அவருடைய காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். தலை அசையவில்லை.

மகள் அன்றே காப்பகத்துக்குள் போய்ப் படிவத்தை நிரப்பினாள். குழந்தைகளைக் கொண்டுவந்து விடுபவர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதி, கொஞ்சம் யோசித்துவிட்டு, அவருடைய கண் பரிசோதனைத் தேதியையும் கீழே குறித்தாள். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

சாம்பல் நிற வண்டி வீட்டுக்கு வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து இன்றுவரை நூற்றுப் பன்னிரண்டு நாள் அவர் ஓட்டியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் நானும் போவேன். நேற்று பின்னாலிருந்து பேத்தி கத்தினாள்.

"தாத்தா, பெரிய லாரி!"

"அப்படியா கண்ணு? தாத்தா ரோட்டைப் பாக்கணும். நீயே பாத்துச் சொல்லு, எவ்வளவு இருக்கும்?"

அவள் நன்றாக யோசித்தாள். "ரெண்டு கிலோ!"

அவர் உதடு துடித்தது. பிறகு சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இருக்கும், இருக்கும்" என்றார்.