நுரை அடங்கிய பிறகு

தாமோதரன் சார் இறந்த செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. பழவந்தாங்கல் தாண்டி மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டிருந்தேன். நான் வீடு மாறிப் போன பிறகும் என் எண்ணை இரும்புலியூர் குடியிருப்போர் சங்கம் இன்னும் நீக்கவில்லை போலிருக்கிறது. "நமது மூத்த உறுப்பினர், கலப்படப் பாலைக் கண்டுபிடித்து நம் குழந்தைகளைக் காத்தவர்" என்று அனுப்பியிருந்தார்கள். மரணத்தைவிட அந்த வரிதான் முதலில் சுட்டது. அந்த ஒரு வரியை அழிப்பதற்காகத்தான் அந்த மனிதர் தன் கடைசி வருஷங்களில் அலைந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்காகவும், தெரிந்தும் தெரியாதது போல் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ரயில்வேயில் சரக்கு எடை பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். காஸ் சிலிண்டர் வந்தால் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். கொண்டுவந்தவர் ஒருநாள் முகம் சுளித்தபோது, "உன்ன நம்பறேன்பா, சிலிண்டரத்தான் நம்பல" என்றார். எனக்கும் அவருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து அரசியல் வரை தினம் ஒரு சண்டை. சண்டை முடிந்ததும் காபி வரும். அந்தக் காபிக்காகவே நான் பல சண்டைகளை ஆரம்பித்திருக்கிறேன்.

காபியின் ருசி செல்வி கொடுத்த பாலில் இருந்தது. தெருக்கோடியில் காலி மனை ஒன்றில் கொட்டகை போட்டு இரண்டு மாடு வைத்திருந்தார் செல்வி. ஒன்று கறுப்பு வெள்ளை, ஹோல்ஸ்டீன் கலப்பு. வாளி வாளியாகக் கறக்கும், பால் மெலிசு. அது டீக்கடைக்குப் போய்விடும். இன்னொன்று செம்மண் நிறத்தில் ஜெர்சி கலப்பு. கறப்பது குறைவு, ஆனால் பால் இளமஞ்சளாக இருக்கும். காய்ச்சி வைத்தால் ஆடை விரல் பட்டாலும் கிழியாது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அதுதான் வேண்டும். "செவப்பு மாட்டுக்கு இன்னா எட்டு காம்பா கீது? கீறதத்தான் ஊத்த முடியும்" என்பார் செல்வி. பால் கிடைக்காத வீடுகளில் இருந்துதான் தண்ணீர் கலக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது.

சங்கச் செயலாளர் விசாரணையை சாரிடம் ஒப்படைத்தார். சார் ஒரு லாக்டோமீட்டர் வாங்கி வந்தார். பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழல் அது. தண்ணீர் கலந்திருந்தால் ஆழமாக இறங்கும். செல்வி கறந்து நேரே கொண்டுவந்து ஊற்றிய பாலில், சூடும் நுரையுமாக இருக்கும்போதே, அதை விட்டுப் பார்த்தார். பக்கத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட் பால். பாக்கெட் பாலில் குழல் நிமிர்ந்து நின்றது, செல்வியின் பாலில் அமிழ்ந்தது. வீட்டு வாசலில் மாட்டைக் கட்டிக் கறக்கிறேன், வந்து பாருங்கள் என்று செல்வி எவ்வளவோ சொன்னார். "மீட்டர் சொல்லிடுச்சும்மா" என்று சார் முடித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் மைக்கில் அறிவித்தார். கைதட்டினார்கள். ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பாக்கெட்டுக்கு மாறியது.

அவர் மனைவி சரோஜா அம்மா அதுவரை சேர்த்து வைத்திருந்த ஆடையைக் கடைந்தார். தண்ணீர் பிடிக்கக் கீழே வந்த நான் அதைப் பார்த்தேன். மத்தில் வெண்ணெய் பந்து பந்தாக ஒட்டிக்கொண்டு வந்தது. கிண்ணத்தோடு எடுத்துப் போய் சார் முன்னால் வைத்தார். "தண்ணி கலந்த பால்ல வந்த வெண்ணெய்ங்க. இதையும் மீட்டர்ல வெச்சுப் பாருங்க."

சார் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் கொட்டகைக்குப் போய், செல்வி கறப்பதை முழுக்கப் பார்த்து, அதே பாலை வாங்கி வந்தார். சூட்டோடு ஒரு முறை குழலை விட்டார், அமிழ்ந்தது. ஆறவைத்து, நுரை அடங்கிய பிறகு விட்டார். ஏறி நின்றது. கறந்த சூட்டில் பால் லேசாக இருக்கும். நுரையில் காற்று வேறு. கொழுப்பு கூடின ஜெர்சிப் பால் என்றால் கேட்கவே வேண்டாம். மாடிக்கு வந்து என் கதவைத் தட்டினார். "மீட்டர் பொய் சொல்லல தம்பி. நான்தான் அவசரப்பட்டு அதுகிட்ட கேட்டுட்டேன்."

மறுநாள் செல்வியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். நானும் கூட இருந்தேன். செல்வி சாணியை வழித்துக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை. "என்னாண்ட வந்து சொல்றது இன்னாத்துக்கு சார்? எனக்குத்தான் தெரியுமே. நீ எங்க சொன்னியோ அங்க போய் சொல்லு."

அங்கே சொல்லத்தான் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சார் எழுந்து நிற்பார். முடிந்து போன விஷயம் என்று செயலாளர் உட்கார வைப்பார். சார் வீடு வீடாகவும் போனார். பாக்கெட்டே சௌகரியமாக இருக்கிறது என்றார்கள். மாடு போனால் கொசு போகும் என்றார்கள். கொட்டகைக்கு எதிர் மனையில் அடுக்குமாடி வரப்போவது எல்லோருக்கும் தெரியும். மாட்டுக் கொட்டகைக்கு எதிரே யார் வீடு வாங்குவார்கள்? அவர்களுக்குத் தேவைப்பட்ட பொய்யை ஒரு நேர்மையான மனிதர் தெரியாமல் கொடுத்துவிட்டார். திருப்பிக் கேட்டால் தருவார்களா? செல்வி கறுப்பு வெள்ளையை விற்றுவிட்டு, ஜெர்சியை மட்டும் ஓட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிப் பக்கம் போனார்.

அடுத்து வந்த குடியரசு தினத்தில் கொடியேற்றியதும் சார் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "செல்வி பால்ல தண்ணி இல்ல. தப்பு என்னோடது" என்றார். கூட்டம் ஏதோ தேசபக்திப் பேச்சு என்று நினைத்துக் கைதட்டியது. செயலாளர் மைக்கை வாங்கி, மிட்டாய் வாங்க வரிசையில் வருமாறு சொன்னார். யாருக்காகச் சொன்னாரோ அந்தப் பெண் அங்கே இல்லை. அதற்குப் பிறகு சார் தூக்குவாளியோடு ரயிலேறிக் கூடுவாஞ்சேரி போய்ப் பால் வாங்கி வருவார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்துவிட்டு முகத்தையே பார்ப்பார். பால் எங்கிருந்து என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். மறுநாள் பால் தெளிக்க அவர் மகன் பாக்கெட் பாலை வாங்கிக்கொண்டு போனார். செல்வி தூக்குவாளியோடு வந்தபோது எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பியாகிவிட்டது. சரோஜா அம்மா வாளியை வாங்கி உள்ளே கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் அதில் காபி போடச் சொன்னார். செயலாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் நல்லாருக்கே, எந்தப் பாக்கெட்?" என்று கேட்டார்.

"தண்ணி கலந்த பால்தான் சார், குடிங்க" என்றார் சரோஜா அம்மா. செல்வி வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

லாக்டோமீட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அம்மா. வேண்டாம் என்றேன். சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் மைக்கில் சொன்ன அந்த இரண்டே வாக்கியம். இந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சங்கம் அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பதிலாக அதை அப்படியே அடித்து, கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்:

"செல்வி பால்ல தண்ணி இல்ல. தப்பு என்னோடது. தாமோதரன்."