வாயைத் திறக்கக் கூடாத நோயாளி

இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார் அந்த ஆசிரியை. "மிஸ், ஒரு கையெழுத்து வேணும்" என்று அலுவலக உதவியாளர் கூப்பிடுகிறார்.

"இருங்க. நான் இப்ப கதவு. தொறந்தவன் பாத்ரூம் போயிருக்கான். வந்து சாத்தினாத்தான் நகர முடியும்."

"கதவு பேசுமா மிஸ்?"

"எண்ணெய் போடாத கதவு. சத்தம் வரும்னு சொல்லித்தான் நிறுத்திட்டுப் போனான்."

மூன்று, நான்கு வயதுக்காரர்கள் படிக்கும் மழலையர் பள்ளி. பக்கத்து அறை ஆசிரியைக்கு 'எழுத்து மிஸ்' என்று பெயர், இவருக்கு 'விளையாட்டு மிஸ்'. முதல் பெயரைப் பெற்றோர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். இரண்டாவதை, வேலைவெட்டி இல்லாத மைத்துனரைப் பற்றிப் பேசும் குரலில் சொல்கிறார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தப்பட நேரமும் கிடையாது. காலையில் உள்ளே நுழைந்ததுமே யாராவது ஒரு வேஷத்தை மாட்டிவிட்டுவிடுகிறார்கள்.

அவருக்குச் சட்டம் ஒன்றுதான். "வேஷத்த யாரு குடுத்தாங்களோ அவங்கதான் எடுக்கணும்." இந்தச் சட்டத்தின்படி அவர் நாயாக இருந்திருக்கிறார், திருடனாக, பேருந்தின் பின் சக்கரமாக, ஒருநாள் மத்தியானம் முழுக்க மழையாக இருந்திருக்கிறார். ராணி வேஷம் மட்டும் இதுவரை கிடைத்ததில்லை. "நல்லதெல்லாம் அவங்களே எடுத்துக்குறாங்க. மேனேஜ்மென்ட்டுன்னா அப்படித்தானே?"

வேஷத்தை எடுக்க மறந்துவிட்டுக் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டால்? இந்தக் கேள்வியை மின்கம்பி வேலை பார்க்கும் அவர் கணவரிடம்தான் கேட்க வேண்டும். "நாய் வேஷத்தோட வந்தா, குரைக்க மாட்டாங்க. ஆனா நான் லேட்டா வந்தா உறுமல் கேக்கும். அது வேஷமா நெசமான்னு இன்னும் எனக்குப் பிடிபடல."

கைப்பையில் பேனாவைத் தேடினால் மரத்தில் செய்த வாழைப்பழம் வரும். அதுதான் அவருடைய பள்ளித் தொலைபேசி. அடுத்து நாலு புட்டி மூடிகள், கயிறு, காதில்லாத ஒரு யானை. பேனா கடைசிவரை வராது. இவரைத் தியாகச் சுடர் என்று நினைத்துவிட வேண்டாம். கவிழ்த்த சீட்டில் ஜோடி கண்டுபிடிக்கும் ஆட்டத்தில் ஓரக்கண்ணால் பார்ப்பார். பிடிபட்டால், "நான் எங்கடா பாத்தேன், அதுவா தெரிஞ்சுது" என்று மூன்று வயதுப் பிள்ளையோடு மல்லுக்கு நிற்பார். தோற்றுவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு முகம் சரியாக இருக்காது.

விளக்கம் சொல்வதும் இவருக்குக் கைவராத கலை. "இதுல பசங்க என்னதான் கத்துக்குறாங்க?" என்று காப்பீடு விற்கும் ஒரு தகப்பனார் கேட்டபோது, அக்கா மகனைக் கூட்டிப்போக வந்திருந்த நான் பக்கத்தில் இருந்தேன்.

"விளையாடுறாங்க சார்."

"அது தெரியுது."

"அதான் சார்."

அந்தத் தகப்பனார் வாயால் பிழைப்பவர். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குத் தன் ஆயுள்மேலேயே சந்தேகம் வந்துவிடும். அவர் மகள் சுருட்டை முடிக்காரி, வீட்டில் வாய் ஓயாதவள், பள்ளிக்கு வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. எல்லாவற்றுக்கும் விரல் நீட்டல்தான். ஒரே ஒரு தடவை "தண்ணி" என்றாள். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெண் "ஹை, பேசிட்டாளே!" என்று கைதட்ட, அறையே திரும்பிப் பார்த்தது. அன்றோடு தண்ணீருக்கும் விரல்தான்.

தகப்பனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். எதிர்த் தெருப் பள்ளியில் முதல் நாளே பென்சிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்களாம். அங்கே மாற்றிவிடப்போவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன் என்றார். அதைக் கேட்ட விளையாட்டு மிஸ்ஸின் முகத்தில் நான் முதல்முறையாகக் கவலை பார்த்தேன். "அங்க போனா பக்கம் பக்கமா எழுதுவா. எழுதுற புள்ளைய யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க. அப்படியே விட்டுடுவாங்க."

பள்ளி நிர்வாகி அம்மாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே எச்சரித்தார். "இன்னிக்காவது அவர்கிட்ட நாலு வார்த்தை கோர்வையாப் பேசுங்கம்மா. இல்லன்னா புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவாரு." இவரும் நாலு வரியை மனப்பாடம் செய்துகொண்டு, வாழைப்பழத்தைக் காதில் வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை என் அக்கா மகனைக் கூட்டிவரப் போனவன் சீக்கிரமே போய்விட்டேன். அவன் என்னை வாசலில் நிறுத்தி, "மாமா, நீங்க செருப்பு ஸ்டாண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். அறை ஆஸ்பத்திரியாகியிருந்தது. மிஸ் பாயில் படுத்திருந்தார். நெற்றியில் துணிக்கட்டு, வாயில் தெர்மாமீட்டராக ஒரு ஸ்கேல். குனிந்து நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் கழுத்தில் ஸ்கிப்பிங் கயிறு, தலையில் சுருட்டை முடி.

"வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் டாக்டர், மெல்லிய குரலில். "தொறந்தா ஜுரம் வெளிய வந்துடும்."

அவள் பேசினாள்! நான் செருப்பு ஸ்டாண்டாக இருந்ததால் ஆச்சரியப்பட முடியவில்லை. அறையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர் நோய் அவரவருக்கு. டாக்டர் மாத்திரை இடிக்க அலமாரிக்குப் பின்னால் போனாள்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகி அம்மாள் தகப்பனாரோடு நுழைந்தார். "மிஸ், எந்திரிங்க, சார் வந்திருக்காரு."

மிஸ் கண்ணைத் திறந்தார். எழவில்லை.

"பரவால்ல மேடம், ஒரே கேள்விதான். எம் பொண்ணு இங்க ஒரு தடவையாவது ஒழுங்கா வாயத் தொறந்து பேசினாளா?"

மனப்பாடம் செய்த நாலு வரியும் தொண்டை வரை வந்து நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது. நிர்வாகி அம்மாள் கண்ணால் கெஞ்சினார். மிஸ் ஸ்கேலை இன்னும் இறுகக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"பாத்தீங்களா? டீச்சரே பேச மாட்டேங்குறாங்க. அப்புறம் எம் பொண்ணு எங்கேருந்து பேசுவா? டி.சி. குடுத்துடுங்க மேடம்."

"யாரது சத்தம் போடுறது?" அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பேஷன்ட் தூங்குறாங்கல்ல?"

தகப்பனார் மகளின் குரல் வந்த பக்கம் திரும்பினார். நிர்வாகி அம்மாளின் முகம் மலர்ந்து, கைகள் தட்டுவதற்காக உயர்ந்தன. படுத்திருந்த நோயாளியின் கை பாம்புபோல் நீண்டு அவருடைய கணுக்காலைப் பிடித்தது. கைகள் பாதியில் நின்றன.

டாக்டர் வெளியே வந்தாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"டோக்கன் இருக்கா?"

"இ... இல்லைங்க டாக்டர்."

"என்ன பண்ணுது?"

"தெரியலைங்க டாக்டர்."

"ரொம்பப் பேசுறீங்க. அதான் ஜுரம்." ஒரு மரக்கரண்டியை எடுத்து அவர் வாயில் வைத்தாள். "தொறக்கக் கூடாது. அங்க போய் உக்காருங்க."

கரண்டியைக் கவ்வியபடி அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். இருந்ததே ஒரு குட்டி நாற்காலி. அதில் கையில் கட்டுப்போட்ட ஒரு கரடி பொம்மை காத்திருந்தது.

மிஸ் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, கரடியைத் தூக்கித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.