சிடி இல்லாத கடை

வீரணனுக்கு மே மாதம் என்பது மற்ற பதினோரு மாதத்துக்கும் சோறு போடுகிற மாதம். பள்ளிக்கூடம் மூடியிருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். சின்னமனூர்ப் பயல்கள் எல்லாம் அவன் கடை ஏசியைத் தேடி வந்து விழுவார்கள்.

அந்த மே மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு 'சினேகா கேம் சென்டர்' ஷட்டரைத் தூக்கி மூன்று டிவியையும் போட்டான். விளையாட்டுகளின் படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு பூட்டு உட்கார்ந்திருந்தது.

அமுக்கினான். திறக்கவில்லை. அடுத்த டிவி, அதற்கடுத்த டிவி. எல்லாம் பூட்டு. கீழே நாலு வரி இங்கிலீஷ். வீரணன் ஆறாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் பூட்டைப் படிக்கப் படிப்பு எதற்கு?

"என்னண்ணே, கடைக்குள்ளயே கடையப் பூட்டிட்டீக?" என்றான் வரிசையில் நின்ற ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. அர மணி நேரத்துல வாங்க" என்று ஷட்டரைப் பாதி இறக்கினான்.

வாழைத்தார் சுமந்த தோள் அவனுடையது. கமிஷன் மண்டியில் பதினெட்டு வருசம் லாரிக்குத் தார் ஏற்றினான். இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தபோது, குமுளியில் ஒரு மலையாளத்துக்காரர் கடையைக் காலி பண்ணிக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டு, ஒரு பழைய கேம் மெஷினையும் பதினோரு சிடியையும் வாங்கி வந்தான். அந்தப் பதினொன்றில்தான் பிழைப்பு எழுந்தது. கீறல் விழுந்தால் பற்பசையைத் தடவித் துடைப்பான். பெட்டி உடைந்தால் ரப்பர் பேண்டு போடுவான். சாயங்காலம் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டு போய்விடுவான். பொருள் கையில் இருந்தது. யாரையும் கேட்டு அதைச் சுழல விடவேண்டிய அவசியம் இல்லை.

மூன்று வருசத்துக்கு முன்னால்தான் சனி பிடித்தது. "சிடிக் காலம் மலையேறிப்போச்சுண்ணே, இனிமே எல்லாம் நெட்டுலதேன்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சிடி போட வாயே இல்லாத மெஷின் விலை குறைவு என்று மூன்றை வாங்கினான். பழைய மெஷினையும் சிடிகளையும் ஆண்டிபட்டிக்காரன் ஒருத்தனுக்குத் தள்ளிவிட்டான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நெட்டிலேயே நாற்பத்தொரு விளையாட்டு வாங்கிச் சேர்த்தான். எல்லாம் ஒரே ஐடியில். அந்த ஐடியைத் திறந்து கொடுத்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜஸ்டின்.

அங்கேதான் ஓடினான்.

ஜஸ்டின் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்தான். "ஏதோ செக்கிங்குண்ணே. ஐடிக்கு ஓனர் யாரோ, அவுக பொறந்த தேதியக் கேக்குறான். மூணு தடவ தப்பாப் போட்டா ஐடியவே அழிச்சிருவானாம்."

"நீதானடா போட்ட? அதையே போடு."

"போட்டது நாந்தேன். என்னத்தப் போட்டேன்னு எப்பிடிண்ணே தெரியும்? ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ஃபாரம் அடிக்கிறேன். நேத்து எங்க வீட்டுல என்ன கொழம்புன்னே எனக்கு ஞாபகமில்ல."

வீரணனுக்குப் பிறந்த தேதி ஒன்றல்ல, மூன்று. ஆதாரில் ஜனவரி ஒன்று. வருசம் மட்டும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போடுகிற தேதி. பள்ளிக்கூடத்து டிசியில் ஜூன் ஐந்து. சேர்க்கிற அன்றைக்கு வாத்தியாராகப் பார்த்துப் போட்டது. ஜாதகத்தில் பங்குனி உத்திரம். அவன் வயசுக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான். இத்தனை நாள் இது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

"ஆதார் தேதியத்தேன் போட்டிருப்பேன். சந்தேகமே வேணாம்" என்று ஜஸ்டின் ஜனவரி ஒன்றை அடித்தான். சிவப்பாக ஒரு வரி வந்தது.

"ஒண்ணு போச்சுண்ணே."

வீரணன் பெண்டாட்டி விஜிக்குப் போன் போட்டான். அவள் பீரோவைக் குடைந்து, டிசியைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஜூன் ஐந்து. மறுபடியும் சிவப்பு.

வீரணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அப்ப ஜாதகம்தான். பங்குனி உத்திரம். அந்த வருசம் அது என்ன தேதின்னு பாரு. போடு."

"போடாதப்பா!" என்றாள் விஜி. "ஏங்க, ஒங்க பேர்ல நீங்க என்னைக்கு எதத் தொறந்தீக? தபாலாபீஸ் புஸ்தகம் நம்ம பொண்ணு பேரு. கடை போர்டு அவ பேரு. கன்னுக்குட்டியக் கூட சினேகான்னுதான கூப்புடுறீக?"

அது உண்மை. கடை வைக்கும்போதே ஜோசியர் கட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். 'உன் பேரில் எது தொடங்கினாலும் விளங்காது, மகள் பேரில் தொடங்கு' என்றார். அன்றிலிருந்து வீரணன் தன் பேரை எதிலும் வைத்ததில்லை.

ஜஸ்டின் தலையில் தட்டிக்கொண்டான். "ஆமண்ணே. 'எல்லாம் பாப்பா பேர்லயே போடு'ன்னு நீங்கதேன் சொன்னீக."

சினேகா பிளஸ் டூ எழுதிவிட்டு அத்தை வீட்டுக்குப் பண்ணைப்புரம் போயிருந்தாள். போனை எடுத்ததும் வீரணன் சுற்றி வளைக்கவில்லை.

"ஆத்தா, நீ பொறந்த தேதி என்ன?"

"ஏம்ப்பா, எம் பொறந்தநாளு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஆத்தா. ஒன் வாயால ஒரு தடவ சொல்லு."

"ஆகஸ்ட் இருவத்திரெண்டு, ரெண்டாயிரத்தி ஏழு. என்னப்பா ஆச்சு? கொரலு ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல. வையி."

ஜஸ்டின் ஒவ்வொரு எண்ணாக அடித்தான். அடித்ததை விஜி விரல் வைத்துச் சரிபார்த்தாள். வீரணன் கண்ணை மூடிக்கொண்டான். கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று அந்த ஒரு நொடிக்குள் வேண்டிக்கொண்டான்.

"பச்சைண்ணே! பச்சை!" என்று ஜஸ்டின் நாற்காலியை விட்டு எழுந்தான்.

விஜி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குள் அடுத்த பக்கம் வந்துவிட்டது. ஜஸ்டின் உட்கார்ந்து படித்தான். திரும்பப் படித்தான். அவன் முகம் போன போக்கிலேயே வீரணனுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"சொல்லுடா."

"ஓனருக்குப் பதினெட்டு வயசு ஆகலையாம்ணே. அப்பிடின்னா தொறந்த அன்னைக்கே பெரிய ஆளு ஒருத்தரச் சேத்திருக்கணுமாம். இப்பச் சேக்க முடியாதாம். வயசு வர்ற வரைக்கும் வாங்குனது எல்லாம் நிறுத்தி வச்சிருக்கான். நூத்தி ஒம்பது நாளு."

"அதுக்குள்ள லீவே முடிஞ்சு போகுமேடா!"

"நான் என்னண்ணே பண்ண?"

"ஆளுகிட்டப் பேசு. மனுசப் பய ஒருத்தன் இருப்பான்ல அங்கன?"

ஜஸ்டின் ஒரு கட்டத்துக்குள் குறையைத் தட்டினான். எழுதி முடித்த மறு நொடியே பதில் வந்தது. அத்தனை வேகமாக மனுசன் எழுதமாட்டான். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஆரம்பித்தது. பிறகு ஜஸ்டின் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான். "நீங்க வெளையாட்ட வாங்கலையாம்ணே. வெளையாடுறதுக்கு அனுமதிதேன் வாங்கியிருக்கீகளாம். அத எப்ப வேணாலும் நிறுத்த அவனுக்கு உரிமை உண்டாம். மொதல்லயே நம்ம சம்மதம்னு அமுக்கியிருக்கமாம்."

"நான் எப்படா அமுக்குனேன்?"

"நான் அமுக்குனேன்ணே. எல்லாருக்கும் அமுக்குறதுதேன். யாரு அத்தன பக்கம் படிக்கிறா?"

வீரணன் கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. ஓங்கிய கை தன் தலையிலேயே வந்து விழுந்தது. "சிடியா இருந்தா எம் பொண்ணு வயச எந்தப் பய கேட்டான்? நாப்பத்தொண்ணுடா. வயித்தக் கட்டி வாங்குனது. அனுமதியாம்ல, அனுமதி!" அவன் குரல் உடைந்ததைக் கேட்டு, ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

புதுசாக ஐடி திறக்கலாம். திறந்தால் அத்தனையையும் முதலிலிருந்து வாங்கவேண்டும். அதற்கு விஜி கழுத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் அவனைக் கடை வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தாள்.

ஷட்டர் முன்னால் ஏழெட்டுப் பயல்கள் காத்துக் கிடந்தார்கள். அவன் அவர்களைக் கடந்து குனிந்து உள்ளே போனான்.

"எப்பண்ணே ஓடும்?"

"ஆகஸ்ட் கடைசிக்கு வாங்கடா."

"அப்ப ஸ்கூல் இருக்கும்லண்ணே."

பயல்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஆற்றில் குளிக்கப் போகலாம் என்று பேசிக்கொண்டே கலைந்துபோனார்கள்.

மூன்று டிவியிலும் நாற்பத்தொரு படங்களும் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் அவன் படங்கள். ஒன்றைக்கூடத் தொட முடியாது. ஏசி வேறு சும்மா ஓடியது.

"கரண்டாவது மிஞ்சட்டும், அமத்துங்க" என்றாள் விஜி.

வீரணன் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனான். அணைத்தால் நாளைக்கு இந்தப் படங்களாவது வருமா? நூற்று ஒன்பது என்ற அந்தக் கணக்காவது நிற்குமா? யாரைக் கேட்பது?

"அமத்துங்கன்னா."

"வேணாம் விஜி" என்றான். "இருக்கட்டும். எரியட்டும்." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத நாற்காலிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டான்.